கோட்டுக்கு வடக்கே

அடிலெய்டு சட்டசபையில் பதினேழு வருஷம்
சுருக்கெழுத்து எழுதியவன் நான்.
எலைஜா ட்ரெம்பாத் கன்னிப்பேச்சுக்கு எழுந்த நாளில்
அவர் பூட்ஸில் இருந்தது வயலில் ஒட்டிய மண்ணா,
வாசலில் நின்று பூசிக்கொண்ட மண்ணா என்று
என் இருக்கையிலிருந்து உற்றுப் பார்த்தேன்.
தெரியவில்லை.
இரண்டுக்கும் ஒரே நிறம்.

கார்ன்வாலில் செம்புச் சுரங்கம் கைவிட்டபோது
பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர்.
யூகலிப்டஸ் வேர்க்கட்டைகளைக் குதிரை கட்டி இழுத்து,
கோதுமை போட்டு, கடனடைத்து,
கல்லில் ஒரு வீடும் எழுப்பிய பிறகுதான்
மனுஷனுக்குப் பேச்சு வந்தது என்பாள்
மனைவி கெஸாயா.
அதுவரை குதிரைகளைத் திட்டியதோடு சரி.

அதற்குச் சில வருஷம் முன்பு
சர்வே அதிகாரி ஒருவர் வறட்சியில் வடக்கே போய்
உப்புச்செடி தொடங்கும் இடம் பார்த்து
வரைபடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்.
தெற்கே உழலாம்.
வடக்கே ஆடு மேய்க்கலாம்,
அதுவும் ஆட்டின் தலையெழுத்து.

"சபாநாயகர் அவர்களே,
மைப்புட்டிக்குள் மழை அளக்க முடியாது.
ஏர் முன்னே போனால் மேகம் பின்னே வரும்.
என் கண்ணால் கண்டேன், என் நிலத்தில்."

'கைதட்டல்' என்று எழுதினேன்.
அன்றிரவு வரைபடத்தை விரித்துப் பார்த்தேன்.
அவர் நிலம் கோட்டுக்கு ஒன்பது மைல்
தெற்கே இருந்தது.
அதைச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

சட்டம் நிறைவேறியது. வண்டிகள் வடக்கே போயின.
வானம் பார்த்த பூமியை
இரண்டு வருஷம் வானமும் பார்த்தது.
தண்டவாளம் கேட்டு வந்த மனுவில்
ஒரு சுனைக்கு 'ட்ரெம்பாத் கிணறு' என்று பெயர்.
அதற்கு முன்பே பெயர் இருந்தது;
அந்தப் பெயரால் அதை அழைத்தவர்களைக்
குதிரைப் போலீஸ் மிஷன் நிலத்துக்கு ஓட்டிவிட்டது.
எந்த ஒலியையும் பிடிக்கும் என் சுருக்கெழுத்து.
அவையில் ஒருவர் உச்சரித்திருக்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் இல்லை.
நான்காம் வருஷமும்.

ஜனவரி மாதம், கேள்வி நேரம்.
பார்வையாளர் மாடத்திலிருந்து ட்ரௌகாட் நோஸ்கே என்ற ஜெர்மன்காரன்
ஒரு கோணியை அவிழ்த்து
உறுப்பினர்கள் தலையில் கொட்டினான்.
கோதுமை.
"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விதைத்தது.
தோண்டி எடுத்து வந்தேன்.
புழுகூட வரவில்லை, ஐயா."
இரண்டு காவலர்கள் அவனை இழுத்துப் போனார்கள்.
கோணியைக் கேட்டுக்கொண்டே போனான்,
கோணி கடன்காரனுடையதாம்.

ட்ரெம்பாத் தன் மேசையில் விழுந்த மணிகளில்
ஒன்றை எடுத்தார்.
கடைவாயில் வைத்துக் கடித்தார்,
சந்தையில் கடிப்பது போல.
உடைந்த பாதியை விரல்நுனியில் திருப்பிப் பார்த்து
யாருக்கும் இல்லாமல் சொன்னார்:
"இன்னும் முளைக்கும்."

நடவடிக்கைக் குறிப்பில் அது கிடையாது.
'சலசலப்பு' என்று மட்டும் இருக்கிறது.

குத்தகை பாக்கியைத் தள்ளும் மசோதாவை
அவரே கொண்டுவந்தார்; குரல் கம்மியிருந்தது.
வருத்தமா, சளியா,
பூட்ஸ் விஷயம் போலத்தான்.

அடுத்த தேர்தலில் அவருக்கு எதிராக
வாக்களிக்க வேண்டியவர்கள் எல்லாரும்
கதவுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு
எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.
போட்டியின்றித் தேர்வானார்.

இன்னும் ஒன்று.
அன்று மாலை சபை கலைந்த பின்
என் ஏட்டின் மடிப்பில் ஐந்து மணி கிடந்தன.
வீட்டில் ஈரத்துணியில் சுற்றி
ஜன்னலோரம் வைத்தேன்.

நான்காம் நாள்
மூன்று முளைத்திருந்தன.

அவரிடம் சொல்லவில்லை.
நோஸ்கேயிடமும்தான்.